பெல்ட் மட்டும் போதுமா?

டைமிங் பெல்ட் மாற்ற வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்தால், மத்தியானத்துக்குள் ஒரு போன் வரும். “சார், பெல்ட்டைக் கழட்டியாச்சு. டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆயில் சீல் எல்லாத்தையும் இப்பவே மாத்திரலாமா? பிரிச்சது பிரிச்சாச்சு.” பதில் சொல்ல நமக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். சரி என்றால் பில் எகிறும். வேண்டாம் என்றால் நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் பானெட்டுக்குள் காது போகும்.

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் காலங்காலமாகப் புழங்குகின்றன. ‘போனது பெல்ட், பெல்ட்டை மட்டும் மாற்று’ என்பது ஒன்று. ‘பிரித்ததே பிரித்தோம், அங்கே இருப்பதை எல்லாம் மாற்று’ என்பது மற்றொன்று. முன்னதைக் கஞ்சத்தனம் என்கிறார்கள். பின்னதைப் பொறுப்பு என்கிறார்கள். நிறுத்துப் பார்த்தால் இரண்டுமே யோசிக்கும் வேலையைத் தட்டிக்கழிப்பவைதான். ஒவ்வொரு பாகத்தையும் தனியே விசாரிக்க இரண்டுமே மறுக்கின்றன.

விசாரணைக்கு முன் விஷயம் என்ன என்பது தெளிவாக வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று, பல்லுக்குப் பல் பிசகாமல் சுற்ற வேண்டும். அந்த ஒழுங்கைக் காப்பதுதான் டைமிங் பெல்ட்டின் வேலை. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார்தான் இதற்கு ரப்பர் பல் பெல்ட்டைத் தொழிற்சாலை உற்பத்தியில் கொண்டுவந்தது. உள்ளே கண்ணாடி இழை, மேலே ரப்பர், பல்லின் மேல் துணி. எடை குறைவு, சத்தம் இல்லை, எண்ணெய் வேண்டாம். ஆனால் சத்தமில்லாத அந்தக் குணமே அதன் குறையும்கூட. இதே வேலையைச் செய்யும் சங்கிலி தேய்ந்தால் பெரும்பாலும் கடகடவென்று சொல்லிவிட்டுத்தான் போகும். பெல்ட் சொல்லாமலே போகும். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் எஞ்சின்களில் முறை தவறினால் இரண்டும் மோதும். டீசல் எஞ்சின்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டிவரும், செலவு பெல்ட் வேலையைப் போலப் பல மடங்காகும்.

ஆகவே நாம் பணம் கொடுப்பது ஒரு ரப்பர் வளையத்துக்கு அல்ல. அடுத்த தவணை வரை அந்த ஒழுங்கு குலையாது என்ற உறுதிக்கு. இப்படிப் பார்த்தால் ஒவ்வொரு பாகத்தையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். இது போனால் பெல்ட்டையும் கூட இழுத்துக்கொண்டு போகுமா? புதிய பெல்ட்டின் ஆயுள் முழுக்க இது தாங்கும் என்று பார்த்தோ தொட்டோ சொல்ல முடியுமா? இதைக் கழற்றி மாற்றுவதே புதிய ஆபத்தைக் கொண்டுவருமா?

‘கூலி மிச்சம்’ என்பதை நான்காவது கேள்வியாகச் சேர்க்கச் சொல்வார்கள். பிரித்ததே பிரித்தோம் என்ற வாதத்தின் முதுகெலும்பே அதுதான். ஆனால் மணிக்கணக்கில் கூலி ஏறும் நாடுகளில் அந்த வாதத்துக்கு இருக்கும் பலம் நம் ஊர்ப் பட்டறையில் இல்லை. இங்கே பில்லில் பெரும்பாலும் ஸ்பேர்தான் பெரிய தொகை, கூலி அதற்குப் பின்னால்தான். நூறு ரூபாய்க் கூலியை மிச்சம் பிடிக்க ஆயிரம் ரூபாய்ப் பாகத்தைத் தூக்கிப் போடுவது கணக்கல்ல. என்றாலும் அந்த வாதத்தில் ஒரு பாதி உயிரோடு இருக்கிறது. டைமிங்கை ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் மறுபடி மார்க் வைத்து, பின் போட்டு, இழுவிசை சரிபார்க்க வேண்டும். தவறு நேர அது ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பைக் குறைப்பதற்காக மாற்றலாம், கூலிக்காக அல்ல.

முதலில் கூண்டில் ஏறுவது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் அதை வழிநடத்தும் ஐட்லர் உருளையும். பெல்ட் இவற்றின் மேல்தான் ஓடுகிறது. ஒரு தோராயக் கணக்கு: ஒரு லட்சம் கிலோமீட்டரைச் சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 2,500 மணி நேரம். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்தால் கிராங்க் 30 கோடி முறை சுற்றியிருக்கும். டென்ஷனர் உருளையின் சுற்றளவு பெரும்பாலும் கிராங்க் பல்சக்கரத்தை ஒட்டியே இருப்பதால் அதன் உள்ளே இருக்கும் பேரிங்கும் ஏறத்தாழ அத்தனை முறை சுற்றியிருக்கும். உள்ளே இருப்பது தொழிற்சாலையில் வைத்து மூடிய கிரீஸ். மறுபடி போட வழியில்லை. ‘கையால் சுத்திப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு’ என்பது பட்டறைகளில் கேட்கும் தீர்ப்பு. விரலால் சுற்றும்போது அதன் மேல் சுமை இல்லை, சூடு இல்லை, வேகமும் இல்லை. கரகரப்புக் கேட்டால் அது கெட்டுவிட்டது என்று அறியலாம். கேட்காவிட்டால் இன்னொரு 30 கோடி சுற்றுக்குத் தாங்கும் என்று அறிய முடியாது. அது நின்றுவிட்டால் பெல்ட் அதன் மேல் தேய்ந்து உருகும், இல்லையென்றால் பல் தாவும். முதல் இரண்டு கேள்விகளிலும் தோற்கிறது. மூன்றாவதில், எப்படியும் கழற்றவேண்டிய பாகம் என்பதால், மாற்றுவதில் கூடுதல் ஆபத்து ஏதும் இல்லை. டென்ஷனரும் ஐட்லரும் பெல்ட்டோடு போக வேண்டும். மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

வாட்டர் பம்ப்தான் சிக்கலான வழக்கு. இதில் பொதுத்தீர்ப்பு சொல்பவர் எந்த எஞ்சினைப் பற்றிப் பேசுகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். நம் சாலைகளுக்குப் பழக்கமான இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம்.

2005 முதல் அடுத்த தலைமுறையான கிரிஸ்டா வரும்வரை விற்ற இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலில், பட்டறை மொழியில் 2கேடியில், கிராங்க்கிலிருந்து கேம்ஷாஃப்ட் வரை முழுத்தூரமும் பெல்ட் ஓடுவதில்லை. பல்சக்கரங்கள் பாதி வழியைப் பார்த்துக்கொள்கின்றன. மேலே மிச்சத் தூரத்துக்கு மட்டும் ஒரு குட்டை பெல்ட். அதை மாற்றக் கிராங்க் புல்லியைக் கழற்றவே வேண்டாம். வாட்டர் பம்ப்பை ஓட்டுவது வெளியே தெரியும் ஃபேன் பெல்ட். அது ஒழுகினால் டைமிங்கைத் தொடாமல் தனியே மாற்றலாம். தவணை வந்தால் டாஷ்போர்டில் டி-பெல்ட் விளக்கு எரியும். டாக்ஸிக்காரர்கள் அதை நன்றாக அறிவார்கள். அது கிலோமீட்டரை எண்ணிச் சொல்கிறதே தவிர பெல்ட்டைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதைத்தான் சிலர் மறந்துவிடுகிறார்கள். இந்த எஞ்சினில் பெல்ட் வேலையின்போது வாட்டர் பம்ப்பையும் கிராங்க் சீலையும் எஸ்டிமேட்டில் எழுதினால் அதற்குத் தனிக் காரணம் கேட்க வேண்டும். டைமிங் பெல்ட்டை அதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது.

2012இல் வந்த ரெனோ டஸ்டரின் 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கே4எம், நேர் எதிர். அங்கே ஒரே நீள பெல்ட் கிராங்க், இரண்டு கேம், ஐட்லர், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சுற்றி வருகிறது. பம்ப்பின் பேரிங் இறுகினால் பெல்ட்டின் கதை முடிந்தது. சீல் ஒழுகினால் கூலண்ட் சிந்துவது பெல்ட்டின் பாதையில்தான். பம்ப் தனியே கெட்டாலும் அதை மாற்ற எஞ்சினை ஜாக்கியில் தாங்கி, மவுண்ட்டைக் கழற்றி, டைமிங்கைக் கலைக்க வேண்டும். மூன்று கேள்விகளில் ஒன்றில்கூட அதைக் காப்பாற்ற முடியவில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும்.

பம்ப்பை மாற்றச் சொல்பவர்கள் இன்னொரு காரணமும் சொல்வார்கள்: புதிய பெல்ட்டின் இறுக்கம் பழைய பம்ப்பின் பேரிங்கைக் கொன்றுவிடும் என்று. இது அரைகுறை வாதம். ஸ்பிரிங்கோ எண்ணெய் அழுத்தமோ வைத்து இழுவிசையைத் தானே சீராக வைக்கும் டென்ஷனர் இருந்தால், பழைய பெல்ட் தந்த இறுக்கத்துக்கும் புதியது தரும் இறுக்கத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. கையால் இறுக்கிப் பூட்டும் பழைய வகைகளில்தான் அந்தப் பயத்துக்குப் பொருள் உண்டு. முடிவு சரி என்பதற்காகத் தவறான காரணத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அதே காரணத்தைத்தான் நாளை இன்னோவாக்காரரிடமும் சொல்வார்கள்.

ஆயில் சீல்கள் நடுவில் நிற்கின்றன. கிராங்க் சீலோ கேம் சீலோ ஒழுகினால் எண்ணெய் பெல்ட்டில் ஏறி ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும். முதல் கேள்வியில் குற்றவாளிதான். ஆனால் பேரிங்கைப் போல் இது ஊமை அல்ல. சீலைச் சுற்றி ஈரம் இருக்கிறதா, தூசி எண்ணெயோடு சேர்ந்து பிசுக்காகப் படிந்திருக்கிறதா என்று கண் சொல்லிவிடும். மூன்றாவது கேள்விதான் இங்கே கனக்கிறது. பழைய சீலைத் திருப்புளியால் நெம்பும்போது ஷாஃப்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அதன் பிறகு எந்தச் சீலும் அங்கே நிற்காது. சற்றுச் சாய்வாக அடித்தாலும் ஒழுகும். டெஃப்லான் உதடு உள்ள வகைகளை எண்ணெய் தடவாமல் உலர்வாகத்தான் பொருத்த வேண்டும். பழக்கதோஷத்தில் கிரீஸ் பூசிப் போட்டால் அதுவே கசிவுக்கு வழி. நன்றாக இருந்ததைப் பிடுங்கிக் கெட்டதை வைத்த கதையாகும். எனவே முதல் பெல்ட் மாற்றத்தில் சீல் உலர்ந்து இருந்தால் விட்டுவிடலாம். துளி ஈரம் தெரிந்தாலும் மாற்ற வேண்டும். இரண்டாவது பெல்ட் மாற்றத்தில் அதன் வயதே சாட்சி, கேள்வி கேட்காமல் மாற்றலாம்.

பேச்சில் அதிகம் அடிபடாதவை போல்ட்டுகளும் மூடிகளும்தான். விலை அற்பம், விளைவு பெரிது. முறுக்குவிசை அளவுக்கு மேல் கோணக்கணக்கில் இறுக்கும் போல்ட்டுகள் சற்று நீண்டுவிடும். சில கையேடுகள் புதிது போடச் சொல்லும். சில, நீளத்தை அளந்து வரம்பு மீறியிருந்தால் மாற்றச் சொல்லும். அளக்கும் பொறுமை எந்தப் பட்டறைக்கு இருக்கிறது? கே4எம்மில் இது இன்னும் கூர்மையான விஷயம். அங்கே கிராங்க் பல்சக்கரம் சாவி வைத்துப் பூட்டப்படவில்லை, போல்ட்டின் பிடிமானத்தில்தான் நிற்கிறது. அந்த முகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ போல்ட் தளர்ந்தாலோ பெல்ட் புத்தம் புதிதாக இருக்கும், டைமிங் மட்டும் நழுவியிருக்கும். அதே எஞ்சினில் கேம்ஷாஃப்டுகளைப் பூட்டும் கருவியை வைக்க, மறுமுனையில் இருக்கும் இரண்டு மூடிகளைக் குத்தித்தான் எடுக்க வேண்டும். புதிய மூடி வாங்காமல் வேலைக்கு இறங்குபவர் கருவி இல்லாமல் மார்க்கரால் கோடு போட்டு வேலை முடிக்கப் போகிறார் என்று யூகிக்கலாம். ‘மூடி வாங்கியாச்சா?’ என்ற கேள்வியே மெக்கானிக்கை எடைபோடும் தராசு.

வெளியே ஓடும் பெல்ட்டையும் இதே வழியில் பார்க்கலாம். விசிறியே அதில் இல்லாத வண்டியிலும் நாம் அதை ஃபேன் பெல்ட் என்றுதான் சொல்கிறோம். பொதுவாக அது அறுந்தால் சார்ஜ் நிற்கும், ஏசி நிற்கும், இன்னோவாவைப் போல் வாட்டர் பம்ப்பையும் அதுவே ஓட்டினால் எஞ்சின் சூடேறும்; டைமிங்குக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ரெனோவின் எஞ்சின்களில், 1.5 டீசல் உட்பட, நைந்து பிரிந்த அந்த பெல்ட்டின் நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து டைமிங் பெல்ட்டையே பல் தாவ வைத்த கதைகள் பட்டறைகளில் பழையவை. அப்படிப்பட்ட வண்டியில் அதுவும் பட்டியலில் சேரும். தெர்மோஸ்டாட், ஹோஸ், பிளக் போன்றவை அந்தப் பக்கமே வராதவை. கூலண்ட், பம்ப் மாறினால் தானே மாறும்.

இத்தனைக்கும் எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு. புதியதெல்லாம் பழையதைவிட நல்லது என்று யார் சொன்னது? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அலைந்தவர்களுக்குத் தெரியும், ஒரே பாகத்துக்கு ஒரே தெருவில் எத்தனை விலை என்று. அசல் பெட்டியைப் போலவே அச்சடித்த போலிகளும் சந்தையில் உலவுகின்றன. வண்டியோடு வந்த நல்ல பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பெயர் தெரியாத ஒன்றைப் போட்டால் ஆபத்தைக் கூட்டியிருக்கிறோம், குறைக்கவில்லை. இந்த மறுப்பை ஏற்கிறேன். ஆனால் அது ‘மாற்றாதே’ என்பதற்கான வாதம் அல்ல. ‘தரமானது கைக்கு வரும்வரை பிரிக்காதே’ என்பதற்கான வாதம். பட்டியலைச் சுருக்கி மிச்சமான காசைத் தரத்தில் போடுவதுதான் இதற்குப் பதில். தேவையில்லாத தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டு அசல் டென்ஷனர் வாங்கினால் பில் ஏறாமலே உறுதி ஏறும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கி, பழைய சர்வீஸ் விவரம் எதுவும் கையில் இல்லாத வண்டிக்கு மட்டும் சலுகை இல்லை. அங்கே பார்க்க முடியாத வயதை எல்லாம் முடிந்துபோன வயதாகவே எண்ண வேண்டும். பெல்ட் ஓட்டும் பம்ப், உருளைகள், சீல்கள் அனைத்தும் மாறட்டும். ஓட்டம் குறைந்த வண்டியும் அப்படித்தான். ரப்பர் நின்ற இடத்திலும் வயதாகும். கிலோமீட்டர், வருடம் இரண்டில் கையேடு சொல்வது எது முதலில் வருகிறதோ அதுவே தவணை.

தீர்ப்பு இதுதான். பெல்ட்டைத் தாங்கிச் சுழலும் ஒவ்வொரு பேரிங்கும் பெல்ட்டோடு மாற வேண்டும். வாட்டர் பம்ப் அந்தப் பாதையில் இருந்தால் அதுவும் பேரிங்தான், இல்லாவிட்டால் அது இன்றைய வழக்கே அல்ல. பெல்ட்டின் மேல் சிந்தக்கூடிய சீல்களைக் கண் தீர்மானிக்கட்டும். ஒருமுறை இறுக்கும் போல்ட்டையும் ஒருமுறை குத்தும் மூடியையும் பேரம் பேசாமல் வாங்க வேண்டும். மற்றவை விலக்கு. இதே விதி இன்னோவாவுக்குக் குட்டிப் பட்டியலையும் டஸ்டருக்கு நீளப் பட்டியலையும் தருகிறது. ‘மட்டும்’ என்பவரும் ‘எல்லாம்’ என்பவரும் ஆளுக்கு ஒரு வண்டியில் தற்செயலாகச் சரியாகிவிடுகிறார்கள்.

ஆகவே மத்தியானம் அந்தப் போன் வரும்போது சரி, வேண்டாம் இரண்டையும் சொல்ல வேண்டியதில்லை. திருப்பி ஒன்று கேட்டால் போதும்: “அண்ணே, அந்தப் பம்ப்பை எந்த பெல்ட் ஓட்டுது?”