பஃப் கையும் பதினெட்டு முழமும்

வத்தலக்குண்டு பி.ஆர். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தது. அதே ஆண்டுகளில்தான் லண்டன் சீமாட்டிகளின் சட்டைக் கைகள் தோளருகே பலூன்போல உப்பி உச்சத்தைத் தொட்டன. இன்று மேடையிலும் சினிமாவிலும் ‘அந்தக் காலத்துப் பெண்’ என்றால் இரண்டு உலகையும் ஒட்டிவிடுகிறோம்: பட்டுச்சேலை, பஃப் கை ரவிக்கை, கழுத்தோரம் லேஸ். பார்க்க அழகுதான். அந்த அழகு எதை மூடுகிறது என்பதே கேள்வி.

2020ஆம் ஆண்டு நாட்காட்டி ஒன்றுக்காக ஒளிப்படக் கலைஞர் ஜி. வெங்கட்ராம், ரவி வர்மாவின் ஓவியங்களை நடிகைகளைக் கொண்டு மறுபடி உருவாக்கினார். சேலை மடிப்பு, நகை, ஒளி எல்லாவற்றிலும் அசாத்திய உழைப்பு. ஆனால் அங்கே நகலெடுக்கப்பட்டது அக்காலப் பெண்களின் உடை அல்ல. ஓர் ஆண் ஓவியர் அவர்களை உடுத்திப் பார்த்த விதம். நம்முடைய ‘பழைய கால’ உடைகளில் பெரும்பாலானவை இந்தக் கண் வழியாகவே வருகின்றன.

நாவலுக்கு வருவோம். கமலாம்பாளின் மகள் லட்சுமி சிறுமியாகவே மணம் முடிக்கப்படுகிறாள். பெண்ணின் சம்மத வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்திய சட்டம் 1891இல்தான் வந்தது. அதற்கே பலத்த எதிர்ப்பு. கல்யாணத்தன்று இப்படிப்பட்ட குழந்தைகள்மீது சுற்றப்பட்ட கூறைப்புடவை பதினெட்டு முழம். நாம் அதை இருபது வயது நடிகைக்குக் கட்டுகிறோம். உடை சரி, உடம்பு தப்பு. அந்தத் தப்பில் குழந்தை மணம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

ரவிக்கையும் அப்படித்தான். அதே அக்கிரகாரத்தில் ஆசாரம் மிகுந்த வீட்டு விதவைக்கு ரவிக்கை கிடையாது. தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859 ஜூலையில் வெளியான அரசாணை ஜாக்கெட் போட அனுமதித்தது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல மேலாடை போடக் கூடாது என்றும் சொன்னது. ஒரு துணியை எப்படிப் போட வேண்டும் என்பதை அரசு தீர்மானித்தது.

அந்த ஜாக்கெட்டை நமக்கு ‘நாகரிகம்’ என்று காட்டிய இங்கிலாந்திலும் பெண்கள் சும்மா இருக்கவில்லை. இடுப்பை இறுக்கும் கார்செட்டுக்கும் கனத்த பாவாடைகளுக்கும் எதிராக 1881இல் லண்டனில் பகுத்தறிவு உடைச் சங்கம் தொடங்கப்பட்டது. உள்ளாடைகளின் மொத்த எடை 7 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. சுமார் 3 கிலோ! அதைவிட அதிகமாகச் சுமந்துகொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்? அங்கே குறைக்கப் போராட்டம், இங்கே போடப் போராட்டம். பெண் எதை உடுத்துவது என்பதை வேறு யாரோ முடிவு செய்தது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

ஆகவே ‘கமலாம்பாள் சரித்திரம்’ ஒரு கல்லூரியில் நாடகமாகும் என்றால், தையற்காரரிடம் பஃப் கை எத்தனை அங்குலம் என்று சொல்வதோடு மாணவிகள் நின்றுவிட வேண்டாம். பதினெட்டு முழத்தை ஒரு சிறுமியின் உயரமுள்ள பொம்மைக்குக் கட்டி மேடையில் வைக்கலாம். ரவிக்கை மறுக்கப்பட்ட அத்தையையும் அதன் பக்கத்திலேயே நிறுத்தலாம். அப்போது பார்ப்பவர்கள் சேலையின் அழகோடு அதன் பாரத்தையும் காண்பார்கள்.