மார்கழி இருட்டுக்கு ஒரு சைக்கிள்: அய்யலூர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்தவை

மார்கழியில் காலை ஐந்து மணிக்குத் திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர்ச் சாலையில் சைக்கிள் மிதிப்பவர்கள் உடம்பைக் குறைக்க வந்தவர்கள் இல்லை. வடமதுரைப் பக்கத்து நூல்மில்லில் காலை ஷிப்டு பார்ப்பவர், பால் கேனைக் கேரியரில் கட்டியவர், தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பியவர் என்று எல்லாருமே வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு எந்தச் சாமான் உதவும், எதற்குக் கொடுக்கும் காசு வீண் என்று பார்க்கத்தான் இரண்டு வண்டிகளையும் சில விளக்குகளையும் டயர்ச் சாமான்களையும் இந்தச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தேன்.

வண்டியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒன்று, கம்பி பிரேக் வைத்த 28 அங்குலப் பழைய வகை. மற்றொன்று, முன்னால் ஷாக் அப்சார்பரும் 21 கியரும் உள்ள மலைச் சைக்கிள் வகை. அய்யலூரிலிருந்து வடமதுரைக்கும் சுற்றுவட்டக் கிராமங்களுக்கும் போகும் சாலைகளில் பெரிய ஏற்றம் கிடையாது. விலை குறைந்த ஷாக் அப்சார்பர் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கைத் தானே விழுங்கிக்கொள்கிறது, வண்டியின் எடையையும் கூட்டுகிறது. கியர் செட் கோணிப்போனால் அதைச் சரிசெய்ய எல்லாக் கடையிலும் ஆள் கிடைக்காது. திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளை ஏற நினைப்பவருக்குக் கியர் வேண்டும். மற்றவர்கள் அந்தக் கூடுதல் விலையில் ஒரு பகுதியை விளக்குக்கும் டயருக்கும் செலவிட்டால் போதும்.

விளக்கில்தான் பெரிய வித்தியாசம் தெரிந்தது. முதலில் டைனமோ. டயரின் பக்கவாட்டில் உரசி ஓடும் 6 வோல்ட், 3 வாட் ரகம். சார்ஜ் போட வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் பனியில் டயர் நனைந்தால் அதன் தலை வழுக்கி வெளிச்சம் துடிக்கிறது. சாலையைக் கடக்க வண்டியை நிறுத்தினால் விளக்கும் அணைந்துவிடுகிறது. லாரி ஓட்டுநர் கண்ணில் நாம் பட்டே ஆக வேண்டிய இடத்தில் இருட்டில் நிற்கிறோம். உள்ளே சின்ன மின்தேக்கி வைத்து, நின்ற பிறகும் சில நிமிடம் எரியும் வகைகளும் உண்டு. டைனமோதான் வேண்டும் என்பவர்கள் அதைத் தேடி வாங்குவது நல்லது.

இரண்டாவது, எல்லாக் கடையிலும் தொங்கும் யூ.எஸ்.பி. சார்ஜ் விளக்கு. அட்டையில் லூமென் கணக்கு ஆயிரத்தைத் தாண்டும். எரியவிட்டால் பிரகாசம்தான். ஆனால் அது டார்ச் போல வட்டமாக ஒளியைக் கொட்டுகிறது. அதில் பாதி மேலே போய், பனிமூட்டத்தில் பட்டு, நம் கண்ணுக்கே வெள்ளைத் திரையாகத் திரும்பி வருகிறது. எதிரில் வருபவருக்கும் கண் கூசும். ஒளியைக் கூட்டக் கூட்டச் சாலை மறைகிறது என்பதைக் கரந்தமலைப் பக்கம் பனி இறங்கும் ஒரு காலையில் ஓட்டினால் யாரும் உணரலாம்.

மூன்றாவது விளக்கின் கண்ணாடியில் மேல்பக்க ஒளியை வெட்டிக் கீழே மடக்கும் அமைப்பு இருக்கிறது. காரின் லோ பீம் போலவே, ஒளி ஒரு கோட்டுக்கு மேலே போகாது. ஜெர்மனியில் சைக்கிள் விளக்குக்கு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. ஒளியின் அளவு குறைவு, விலை கூடுதல். ஆனாலும் பள்ளமும் வேகத்தடையும் தூரத்திலேயே தெளிவாகத் தெரிந்தது இதில் மட்டும்தான். என் ஓட்டு இதற்கே. இதை வாங்க முடியாதவர்கள் இரண்டாவது வகையையே குறைந்த ஒளியில் வைத்து, வெளிச்சம் பத்தடி தூரத்தில் தரையில் விழும்படி சாய்த்துக் கட்டலாம். பேட்டரிக்குச் சுலபமான கணக்கு உண்டு. 3.7 வோல்ட், 2,500 மில்லி ஆம்பியர் மணி என்று இருந்தால் மொத்தம் சுமார் 9 வாட் மணி. 3 வாட் விளக்கு அதில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் எரியும். அதைவிட வெகுநேரம் எரியும் என்று அட்டையில் போட்டிருந்தால் அது குறைந்த ஒளிக்கான கணக்காகத்தான் இருக்கும்.

மாட்டுவதிலும் ஒரு சிக்கல். கம்பி பிரேக் வண்டியின் ஹேண்டில்பாரில் கம்பிகள் குறுக்கே ஓடுவதால் புது விளக்கின் ரப்பர் பட்டை சரியாக உட்காராது. முன்கூடை இருந்தால் ஒளியையும் மறைக்கும். பழைய வகை வண்டிகளில் ஹேண்டிலுக்குக் கீழே ஒரு தட்டை இரும்புத் தாங்கி இருக்கும். அந்தக் காலத்தில் விளக்கு மாட்டத்தான் அதை வைத்தார்கள். அதில் கட்டினால் ஒளி தரைக்குப் பக்கத்தில் இருக்கும், பனியிலும் நன்றாகத் தெரியும்.

பின்பக்கச் சிவப்பு விளக்கு முன்விளக்குக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. கார்த்திகை முதல் தை வரை திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் சபரிமலை வேன்கள் இரவெல்லாம் ஓடுகின்றன. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ஓரத்தில் நடக்கிறார்கள். வண்டிக்கருப்பணசாமி கோயில் அருகே வாகனங்கள் திடீரென்று ஒதுங்கி நிற்கும். துடிக்கும் விளக்கு கவனத்தை இழுக்கும், தூரத்தைக் காட்டாது. எனவே நிலையாக எரியும் சிவப்பு விளக்கு ஒன்று, மட்கார்டில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒன்று என இரண்டும் இருக்கட்டும். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள்களில், நான் பார்த்தவரை, விளக்கு இல்லை. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி 2005-06இல் எல்லாருக்கும் விரிந்த நல்ல திட்டம் அது. டியூஷனுக்கு இருட்டில் போய்வரும் பிள்ளைகளுக்கு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆளுக்கொரு பின்விளக்கு வாங்கிக் கொடுத்தால் பெரிய செலவு ஆகாது.

அடுத்தது முள். ஆட்டுப்பட்டிக்கு வேலி கட்டவும் விறகுக்கும் சீமைக்கருவேலை வெட்டி இழுத்துப்போகும்போது சாலையோரம் முள் சிந்துகிறது. அது டயருக்குள் ஏறி ஒடிந்து, நுனி உள்ளேயே நிற்கும். பஞ்சர் ஒட்டும் கடைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “டியூபை ஒட்டிட்டு அப்படியே மாட்டிட்டுப் போனா நாளைக்கும் வருவீங்கண்ணே. டயருக்குள்ள விரலை விட்டுச் சுத்திப் பாருங்க.” பழைய துணியை உள்ளே விட்டுத் தேய்த்தால் நுனி துணியில் மாட்டும், விரலும் கிழியாது. மழை முடிந்து காயும் நெருஞ்சியும் சேர்ந்துகொள்ளும். இதே நெருஞ்சி அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களுக்கும் போய்ச் சேர்ந்து அங்குள்ள சைக்கிள்காரர்களையும் வாட்டுகிறது.

இதற்கு மூன்று மருந்துகள். டியூபுக்குள் ஊற்றும் சீலண்ட் சின்ன ஓட்டையை உடனே அடைக்கிறது. ஆனால் நம் பழைய வகை டியூபில் ரப்பர் வால்டியூப் இருப்பதால் பிசின் அதில் ஒட்டி அடுத்த முறை காற்று ஏறாது. மோட்டார் பைக் மாதிரி வால்வு உள்ள டியூபுக்கே அது சரிப்படும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பட்டை முள்ளைத் தடுக்கிறது, ஆனால் பட்டையின் விளிம்பே நாளடைவில் டியூபை அறுக்கிறது. பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் புது டியூபுக்கும் நடுவே வைக்கும் நம்மூர் முறை வண்டியைக் கொஞ்சம் கனக்க வைத்தாலும் நன்றாகத் தாங்குகிறது. அன்றாட ஓட்டத்துக்கு இதுதான் என் தேர்வு.

டயர் வாங்கும்போது “26 அங்குலம்” என்று மட்டும் கேட்காதீர்கள். பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். போன்ற வண்டிகளின் 26 அங்குல டயருக்கு உள்விட்டம் 590 மில்லிமீட்டர். மலைச் சைக்கிளின் 26க்கு 559. ஒன்று மற்றதில் ஏறாது. பழைய டயரின் பக்கவாட்டில் 37-590 என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

பனியில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. கிளம்பியதும் லேசாகப் பிரேக்கைத் தொட்டபடி சிறிது தூரம் ஓட்டினால் ஈரம் துடைபடும். காதை மூடும் குரங்குக் குல்லாய் வேண்டாம். பின்னால் வரும் லாரியின் சத்தம் கேட்க வேண்டும். தலையில் துண்டும், சட்டைக்கு மேல் ஒளிரும் பட்டை போட்ட மேலங்கியும் போதும். வியாழக்கிழமை அய்யலூரில் ஆட்டுச் சந்தை நாள். விடியுமுன்பே ஆடு ஏற்றிய வண்டிகள் குவிவதால் அன்றைக்குச் சந்தைப் பக்கம் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது நல்லது.

மண்பாதையில் ஓட்ட விரும்புகிறவர்களுக்கு அய்யலூர் ஒரு வரம், கூடவே ஒரு பொறுப்பு. கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேரை 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. தேவாங்குக்காக நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் அது. பூச்சிகளைத் தின்று வெள்ளாமைக்கு உதவும் இந்த உயிர் இரவில்தான் நடமாடும். மரக்கிளைகள் தொடராத இடத்தில் தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கும். அப்படிக் கடக்கையில்தான் சக்கரத்தில் சிக்குகிறது. ஆய்வாளர்கள் தேவாங்கைத் தேடும்போது சிவப்பு ஒளியைத்தான் பயன்படுத்துகிறார்கள், வெள்ளை ஒளி அதன் பெரிய கண்களைத் தாக்கும் என்பதால். நான் மேலே பாராட்டிய விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காட்டுப் பாதையில் அதற்கு வேலை இல்லை. அங்கே பகலில் மட்டும் ஓட்டுங்கள். எந்தப் பாதையில் சைக்கிளுக்கு அனுமதி உண்டு என்பதை முதல் நாளே அய்யலூர் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.