வழக்கு கேளாத வினா

பீற்றர் வைஸ் எழுதிய ‘விசாரணை’ என்னும் ஜேர்மன் நாடகம் 1965 ஒக்டோபர் 19 ஆந் திகதி கிழக்கு, மேற்கு ஜேர்மனிகளின் பல அரங்குகளில் ஒரே நாளில் மேடையேறிற்று. பிராங்பேர்ட் நகரில் அவுஷ்விட்ஸ் வழக்கின் தீர்ப்பு வழங்கப்பட்டு அப்போது இரு மாதங்களே ஆகியிருந்தன. அவ்வழக்கின் சாட்சியங்களைச் சுருக்கியும் தொகுத்துமே ஆசிரியர் நாடகத்தை ஆக்கினார். இதிற் கற்பனை எங்கே என்று கேட்போர் உளர். தேர்விலும் அடுக்கிலும் என்பதே விடை.

வழக்கு உருவான வகையை நோக்கினால் இது தெளிவாகும். சோவியத் செம்படை அவுஷ்விட்ஸ் முகாமை விடுவித்தது 1945 சனவரி 27 இல். பிராங்பேர்ட் வழக்குத் தொடங்கியதோ 1963 டிசெம்பரில். 1933 இல் நாஸிகளால் முகாமில் அடைக்கப்பட்டவரும் யூத குலத்திற் பிறந்தவருமான பிரிற்ஸ் பௌவர், ஹெஸ்ஸ மாநிலத்தின் தலைமை அரச வழக்குரைஞராக இருந்து 1959 முதல் இதற்கென உழைத்தார். முன்னாட் கைதியான ஹேர்மன் லாங்பைன், பல நாடுகளிற் சிதறியிருந்த சாட்சிகளைத் தேடித் தந்தார். முகாம் முழுவதையும் ஒரே கொலை இயந்திரமாகக் கொள்ளவேண்டும் என்றார் பௌவர். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எவன், எவரை, எந்நோக்குடன் கொன்றான் என்றே சாதாரணக் கொலைச் சட்டம் கேட்டது. தன் கையாற் கொன்ற போகருக்கு ஆயுட் சிறை. முகாம் தளபதியின் உதவி அதிகாரியாயிருந்த முல்க்காவுக்கு, உடந்தையாளன் என்று 14 ஆண்டு.

சட்டம் கேளாத வினாவை வைஸ் கேட்கிறார்: இவ்வடிமை உழைப்பால் இலாபம் அடைந்தவர் யார்? ஐ. ஜி. பார்பன், குறுப், சீமென்ஸ் என்னும் பெயர்கள் மேடையில் ஒலிக்கின்றன. எதிரிகள் 18 பேரும் சொந்தப் பெயருடன் நிற்க, நூற்றுக்கணக்கான சாட்சிகள் பெயரற்ற 9 பேராகச் சுருங்குகின்றனர். எண்ணாக்கப்பட்ட மனிதரின் நிலையை இவ்வுத்தி நன்கு உணர்த்துகிறது.

ஆயினும் பெருங்குறை ஒன்றுண்டு. ‘யூதர்’ என்ற சொல் நாடகத்தில் ஓரிடத்திலேனும் இல்லை. அவுஷ்விட்ஸிற் கொல்லப்பட்ட சுமார் 11 இலட்சம் பேரில் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் யூதர். குழந்தைகளும் முதியோரும் வந்திறங்கிய அன்றே கொல்லப்பட்டமையை இலாபக் கணக்கு மட்டும் விளக்கிவிடாது. சுரண்டலை அம்பலப்படுத்துவதற்கு, இனவெறிக்குப் பலியானோரின் பெயரை மறைக்கவேண்டியதில்லை. முற்போக்காளரே இதனை முதலிற் சொல்லவேண்டும்.

நாடகத்தின் இறுதி உரை முல்க்காவுடையது. நாடு உழைத்து மீண்டும் முன்னணிக்கு வந்துவிட்டது, பழையவற்றைக் கிளறாது வேறு காரியம் பார்ப்போம் என்கிறான் அவன். அத்துடன் நாடகம் முடிகிறது. அவனுக்கு மறுமொழி கூறும் பொறுப்பு அவையோருக்கு உரியது.