லுக்கிங் கிளாஸ் போர்ட்ரெய்ட்: கண்ணாடி அணியாமல் காணும் ஆழம்

நியூயார்க்கின் புரூக்ளினில் இயங்கும் லுக்கிங் கிளாஸ் ஃபேக்டரி நிறுவனம் 2020 டிசம்பரில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 199 டாலர் தொடக்க விலையில் அறிமுகப்படுத்திய போர்ட்ரெய்ட், மேசைமேல் புகைப்படச் சட்டம்போல் நிற்கும் 7.9 அங்குல முப்பரிமாணத் திரையாகும். சிறப்புக் கண்ணாடியோ தலைக்கவசமோ இல்லாமல், பார்ப்பவரின் கண் எங்கிருக்கிறது என்று கேமரா வைத்துத் தேடவும் செய்யாமல், ஒரே நேரத்தில் பலருக்கு ஆழமுள்ள காட்சியைக் காட்டுவதே இதன் தனித்தன்மை. நிறுவனம் இதனை ஹாலோகிராஃபிக் திரை என்று விளம்பரப்படுத்துகிறது. இயற்பியல் வரையறைப்படி இது ஹாலோகிராம் அன்று. ஆயினும் அந்த ஒரு காரணத்துக்காகக் கருவியையே ஒதுக்கிவிடுவது அவசர முடிவாகும்.

திரையின்மேல் மிக நுண்ணிய உருளை வில்லைகள் வரிவரியாக அமைந்துள்ளன. திருவிழாக் கடைகளில் விற்கும், சாய்த்தால் முருகன் பிள்ளையாராக மாறும் படங்களில் உள்ள உத்திதான் இதுவும்; அங்கே இரண்டு படங்கள் போதும், இங்கே 45 முதல் 100 வரையிலான காட்சிகள் தேவைப்படுகின்றன. ஒரு பொருளை இடமிருந்து வலமாகச் சிறிது சிறிதாக நகர்ந்து எடுத்த இக்காட்சிகள், இத்துறையினர் குவில்ட் என்று வழங்கும் ஒரே பெரிய கட்டப்படமாக, வழக்கமாக 8 பத்திகளும் 6 வரிசைகளுமாக அடுக்கப்பட்டுத் திரைக்கு அனுப்பப்படுகின்றன. வில்லைகள் ஒவ்வொரு காட்சியையும் ஒவ்வொரு திசைக்குத் திருப்பிவிடுவதால், இரு கண்களுக்கும் வெவ்வேறு காட்சிகள் போய்ச் சேர்கின்றன. தலையை அசைத்தால் அருகிலுள்ளது விரைவாகவும் தொலைவிலுள்ளது மெதுவாகவும் நகர்வதுபோலத் தெரியும் இடமாறு தோற்றமும் உடன் கிடைக்கிறது.

கருவியின் உண்மையான வலிமை, கணினியில் உருவாக்கிய முப்பரிமாண மாதிரிகளைக் காட்டும்போதுதான் வெளிப்படுகிறது. ஒரு பித்தளைக் குடத்தின் மாதிரியைத் திரையில் இட்டுச் சற்றே பக்கவாட்டில் நகர்ந்தால், குடம் திரும்புவதோடு அதன் தோளில் விழுந்த ஒளிப்பொட்டும் வளைவின்மேல் வழுக்கிச் செல்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நகர்ந்தாலும் இது மாறுவதில்லை. ஒவ்வொரு கோணத்துக்கும் ஒளி தனியே கணக்கிடப்படுவதே இதற்குக் காரணம். கைப்பேசியின் போர்ட்ரெய்ட் முறையில் எடுத்த புகைப்படத்தை மென்பொருளின் துணையால் முப்பரிமாணமாக மாற்றும்போது இந்த உயிர்ப்பு இருப்பதில்லை. அங்கே இருப்பது ஒரே படமும், ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று குறிக்கும் ஆழ வரைபடமும் மட்டுமே. ஆகவே கன்னத்து ஒளி ஒட்டவைத்ததுபோல் அசையாது நிற்க, காதுக்குப் பின்னால் கேமரா காணாத பகுதி இழுபட்டுக் குழைகிறது, முடியிழைகளின் விளிம்பு கிழிந்த துணிபோலப் பிசிறுகிறது. விளம்பரங்கள் முன்னிறுத்துவது குடும்பப் புகைப்படங்களையே என்பது சற்று வேடிக்கைதான்.

குறைகளும் அமைப்பிலிருந்தே பிறக்கின்றன. வில்லைகள் ஒளியைப் பக்கவாட்டில் மட்டும் பிரிப்பதால், எழுந்து நின்று பார்த்தாலும் குடத்தின் வாய் தெரிவதில்லை. காட்சி சரியாகத் தெரியும் கோண எல்லையான பார்வைக் கூம்பின் விளிம்பைத் தாண்டினால் காட்சி சட்டென்று துள்ளி முதலிலிருந்து தொடங்குகிறது. தெளிவுத்திறனின் கணக்கு இன்னும் கடுமையானது: 1536 × 2048 என்னும் அளவில் உள்ள ஏறத்தாழ 31 லட்சம் புள்ளிகளை 48 காட்சிகள் பங்கிட்டுக்கொள்ளும்போது, ஒரு காட்சிக்குச் சராசரியாக 65,536 புள்ளிகளே எஞ்சுகின்றன. திரைத்தளத்தை ஒட்டியவை கூர்மையாகத் தெரிய, அதிலிருந்து முன்னும் பின்னும் விலகியவை மங்குகின்றன. சிறிய எழுத்துகளை ஆழத்தில் வைத்தால் படிக்க இயலாது.

டென்னிஸ் கபோர் 1947இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை மேம்படுத்தும் முயற்சியில் கண்டறிந்ததும், பின்னர் 1971இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்ததுமான ஹாலோகிராஃபி வேறு வழியில் செல்கிறது. பொருளிலிருந்து வரும் ஒளியலையும் ஒரு துணை ஒளிக்கற்றையும் சந்திக்கையில் உண்டாகும் குறுக்கீட்டு வரிகளை அது பதிவுசெய்து, பின்னர் அவற்றின்மேல் ஒளி பாய்ச்சி அதே அலையை மீட்டெடுக்கிறது. எனவே கண் உண்மையான தொலைவிலேயே குவியம் கொள்ள முடிகிறது. போர்ட்ரெய்ட்டிலோ ஆழம் எவ்வளவு தெரிந்தாலும் கண் திரைத்தளத்தில்தான் குவிகிறது. ஹாலோகிராம் மீட்டெடுக்கும் அத்தகைய அலையை மின்னணுத் திரையில் உருவாக்க, புள்ளிகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தை நெருங்க வேண்டும். சுமார் 12 செ.மீ. அகலமும் 16 செ.மீ. உயரமும் உள்ள இதே திரையில் அரை மைக்ரான் இடைவெளியில் புள்ளிகள் வைத்தால் ஏறத்தாழ 7,680 கோடி தேவை. எம்ஐடி ஆய்வாளர்கள் 2021இல் ஹாலோகிராம் கணக்கீட்டை நரம்பியல் வலையமைப்பின் துணையால் கைப்பேசியில் இயங்கும் அளவுக்கு எளிதாக்கியது பெரிய முன்னேற்றமே. கணக்கைச் சுருக்கிய அந்த முறையால் புள்ளிகளின் தேவையைச் சுருக்க இயலவில்லை.

போர்ட்ரெய்ட்டின் வலிமையையும் குறைகளையும் சேர்த்துப் பார்த்தால், அனிமேஷன் வடிவமைப்பாளர், சிடி ஸ்கேன் படங்களை நோயாளிக்கு விளக்கும் மருத்துவர், தொடக்கூடாத பொருளைச் சுற்றிக்காட்ட விரும்பும் அருங்காட்சியகத்தினர் ஆகியோருக்கே இக்கருவி பொருந்தும். உள்ளே இருக்கும் ராஸ்பெர்ரி பை 4 கணினி, முன்பே தயாரித்த படங்களைத் தனித்து ஓட்டும். நகரும் மாதிரிகளை உடனுக்குடன் காட்ட, பல கோணங்களை ஒரே நேரத்தில் வரையவல்ல கிராஃபிக்ஸ் அட்டையுள்ள கணினியை இணைத்தாக வேண்டும். அவ்வாறு இணைக்கையில் எச்டிஎம்ஐ கேபிள் மட்டும் போதாது. ஒவ்வொரு திரையின் வில்லைகளுக்கும் தனித்தனியே எடுத்த அளவீட்டுத் தரவு கருவிக்குள்ளேயே சேமிக்கப்பட்டுள்ளதால், அதனைப் படிக்க யுஎஸ்பி கேபிளும் வேண்டும். இல்லையேல் காட்சிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். 2023 டிசம்பரில் இதே நிறுவனம் அறிவித்த 6 அங்குல லுக்கிங் கிளாஸ் கோ கருவி மெலிந்து கையடக்கமாகியிருப்பினும், மேலும் கீழும் பார்க்கும் வசதி அதிலும் இல்லை.