முற்பிறவி தெரியும் பெட்டி

நம் மாதிரி ரயில் மன்றத்தின் ஆண்டு மலருக்குப் பாதைப் பராமரிப்புப் பெட்டிகளைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது, மன்றத்தில் மூத்தவர்கள் பலர் இருக்க நான் எழுதுவது முறையாகுமா என்று தயங்கினேன். “உங்கள் ஆசானின் வழியைப் பதிவு செய்ய உங்களை விட்டால் யார்?” என்று மலர்க் குழுவினர் சொன்ன பிறகு மறுக்க வழியில்லை. எச்ஓ அளவும் கப்ளர் உயரமும் நம் உறுப்பினர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்க ரயில் கம்பெனிகள் பாதைத் தொழிலாளருக்கென்று புதுப் பெட்டி செய்து கொடுத்தது அபூர்வம். வயதான பாக்ஸ்காரில் சன்னல் வெட்டி, கூரையில் அடுப்புக் குழாய் நட்டு, படுக்கைப் பெட்டியாக்கினார்கள். பழைய பயணிகள் பெட்டி சமையல் பெட்டியானது. நீராவி என்ஜினின் டெண்டர் தண்ணீர் வண்டியானது. இவை சொந்தக் கம்பெனியின் எல்லையைத் தாண்டுவதில்லை. எனவே பிற கம்பெனிப் பாதைகளுக்குப் போகும் பெட்டிகளுக்கான விதிகள் இவற்றைத் தொடவில்லை. ஆர்ச் பார் போகிகள் 1940-களின் தொடக்கத்தில் அந்தப் போக்குவரத்திலிருந்து விலக்கப்பட்டன. பராமரிப்பு வண்டிகளின் கீழோ அவை பல ஆண்டுகள் நிம்மதியாக உருண்டன. மற்ற பெட்டிகளில் மறைந்த காலம் இவற்றில் தங்கியிருக்கிறது. நம் கலைஞர்கள் இவற்றைத் தேடி வருவது இதனால்தான்.

இவற்றைச் செய்யும் முறையில் மூன்று பள்ளிகளைச் சொல்வது வழக்கம். முதலாவது, ஃபிராங்க் எலிசனில் தொடங்கி ஜான் ஆலனில் உச்சம் தொட்ட நாடகப் பள்ளி. எலிசனுக்கு லேஅவுட் ஒரு மேடை. ஆலனோ மாண்டெரேயில் தாம் அமைத்த பாதையில், அழுக்கையும் முதுமையையும் அழகாக்கிக் காட்டினார். 1973-ல் அவர் மறைந்த சில நாட்களிலேயே அந்த லேஅவுட் தீக்கிரையானதை நினைத்து இன்றும் வருந்தாத மூத்த உறுப்பினர் இல்லை. இரண்டாவது, ஆலன் மெக்லெலண்டின் ‘போதுமான அளவு’ பள்ளி. ஒரு பெட்டியைத் தனியே தூக்கிப் பார்க்காதே, முழு ரயில்வேயைப் பார் என்பது அதன் கொள்கை. மூன்றாவது, புரோட்டோ 87 அன்பர்களின் அளவுப் பள்ளி. வழக்கமான 2.8 மி.மீ. சக்கர அகலம் அவர்கள் கண்ணை உறுத்தும், 1.6 மி.மீ. சக்கரத்தில்தான் அவர்களுக்கு உறக்கம் வரும். மூன்றுமே மதிப்புக்குரியவை. மூன்றையும் மன்றத்தில் பேணி வளர்க்கும் பெரியவர்கள் இதில் எதையும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

என் ஆசான் இந்த மூன்றில் எதிலும் அடங்காதவர். கிட் ஒன்றை அவரிடம் கொண்டுபோனால் கத்தியைத் தொட விடமாட்டார். “இது போன பிறவியில் என்னவாக இருந்தது?” என்று கேட்பார். எந்தக் கம்பெனி, எந்த ஆண்டில் கட்டியது, எதற்காக ஒதுக்கினார்கள் என்று ஓர் அட்டையில் எழுதிக் காட்டிய பிறகே வேலை தொடங்கும். பக்கத்துப் பெரிய கதவைப் பலகையால் அடைத்துச் சிறு கதவு வைத்தால், பழைய கதவு ஓடிய இரும்புத் தடம் அப்படியே இருக்க வேண்டும். சாம்பல் நிறம் பூசுமுன் முதல் வாழ்க்கையின் செம்பழுப்பைப் பூசி, பழைய எண்ணை டீக்காலில் ஒட்டி, அது மங்கலாகத் தெரியும்படி மேல் பூச்சை மெலிதாக அடிக்க வேண்டும். புகைக்குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில் தகர ஒட்டு வேண்டும்; கரி அந்த ஒட்டைச் சுற்றித்தான் படிய வேண்டும். கே பிரேக்கா, ஏபி பிரேக்கா என்பதைக்கூட அந்த அட்டைதான் தீர்மானிக்கும். பெட்டியைக் கவிழ்த்தால்தானே தெரியும் என்று யாராவது சொன்னால், அவரே கவிழ்த்துக் காட்டுவார்.

கைப்பிடிக் கம்பியில் மட்டும் அவர் இளகினார். உண்மையான கம்பியின் தடிமனை எச்ஓ அளவுக்காக 87-ஆல் வகுத்தால் 0.22 மி.மீ. வரும். அவர் 0.3 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பியைத்தான் வளைப்பார். பெட்டியைக் கை தூக்கும், தூக்கினால் வளையக் கூடாது என்பார். டல்கோட் பூச்சின் மேல் ஆல்கஹால் பட்டால் வெளுக்கும் என்று எல்லோரும் அஞ்சுவார்கள். வெயிலில் வெளுத்த பெயின்ட்டை அவர் அதைக் கொண்டே வரவழைத்தார்.

ஓட்டத்தில் அவரிடம் சலுகையே கிடையாது. 40 அடிப் பெட்டி நம் அளவில் 14 செ.மீ.; அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரைப்படி எடை சுமார் 106 கிராம். ஒரு போகியின் திருகை, இடவலமாகத் திரும்ப மட்டும் இடம் விட்டு இறுக்குவார். மற்றதை எல்லாப் பக்கமும் ஆடும்படி தளர்த்துவார். பாதை மேடுபள்ளமாக இருந்தாலும் எட்டுச் சக்கரமும் தண்டவாளத்தை விடாது. கருவிப் பெட்டிகள் சிலவற்றின் அடியில் ஜான் ஆலன் வழியில் மேசனைட் துண்டொன்றையும் தொங்கவிடுவார். துண்டின் மேல் ஒட்டிய இரண்டு ஆணிகள் பெட்டியின் தரையிலுள்ள துளைகளில் தாராளமாக ஏறி இறங்கும். அது தன் கனத்தாலேயே தண்டவாளத்தில் உரசி அழுக்கைத் துடைக்கும். பாதை பிரியுமிடத்தில் தட்டாதிருக்க விளிம்பைச் சரிவாகச் சீவியிருப்பார். பராமரிப்புப் பெட்டி என்ற பெயருக்கு உண்மையாகவே உழைத்த பெட்டிகள் அவை.

இப்போதைய நிலையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். யாரையும் குறித்துச் சொல்லவில்லை. திறமைக்கு இன்று குறைவுமில்லை. ஆனால் அண்மைக் காலக் கண்காட்சிகளில் பராமரிப்புப் பெட்டி என்றாலே துரு என்றாகிவிட்டது. ரெடி டு ரன் பெட்டியை வாங்கி, டப்பாவைத் திறந்து, கூரை முதல் சக்கரம் வரை ஆரஞ்சுப் பொடியைத் தூவிவிடுகிறார்கள். பக்கமெல்லாம் மரப்பலகை! மரம் எந்த ஊரில் ஐயா துருப்பிடித்தது? ஆணித் தலையில் பிடிக்கும், அதிலிருந்து ஒரு கோடு வழியும்; அவ்வளவுதான். என்எம்ஆர்ஏ மதிப்பீட்டில் மொத்தம் 125 புள்ளிகள். கட்டுமானத்துக்கு 40, பூச்சுக்கும் எழுத்துக்கும் சேர்த்தே 25. முன்னோர் கணக்குத் தெரியாமலா வைத்தார்கள்? இன்று பெட்டியில் காரணமில்லாத துரு. நாளை பாதையில் காரணமில்லாத வளைவு. அதற்கு மறுநாள் கால அட்டவணையே இல்லாத ஓட்டம். இப்படியே போனால் மன்றக் கூட்டங்கள்கூடக் குறித்த நேரத்தில் தொடங்கா. இப்போதும் தொடங்குவதில்லை என்பதை நிர்வாகக் குழுவின் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன். பரிசு பெற்ற பெட்டி ஒன்று நம் பொதுப் பாதையின் முதல் வளைவிலேயே தடம் புரண்டதை நானே பார்த்தேன். கைதட்டல் அதற்குள் முடிந்திருந்தது.

இளைஞர்கள் மனம் நோக வேண்டாம். அவர்கள் விரல்களில் எங்கள் தலைமுறைக்கு வாய்க்காத நுட்பம் இருக்கிறது. கேள்வியைக் கேட்டுப் பழகாததுதான் குறை. நிர்வாகக் குழுவுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். அடுத்த போட்டியில் நடுவர் பூதக்கண்ணாடியை எடுக்குமுன், ஒவ்வொரு பெட்டியும் மன்றப் பாதையை ஒருமுறை சுற்றி வரட்டும். சக்கர அளவி அதன் சக்கரங்களைச் சோதிக்கட்டும். முற்பிறவி எழுதிய அட்டை அதன் அருகில் இருக்கட்டும். அளவிக்கு ஆகும் செலவை நான் ஏற்கிறேன். அட்டைகளையும் நானே வாங்கித் தருகிறேன்.