திம்னா சொன்ன உண்மைகள்

‘கலீலா வ திம்னா’வைப் பல்லாண்டுகள் மாணவர்க்குப் பாடம் சொல்லி வந்தவன் என்ற முறையில் ஒன்றைக் கண்டிருக்கிறேன். திம்னா பேசும்போது வகுப்பு விழித்திருக்கும். கலீலா அறிவுரை கூறும்போது கொட்டாவி விடும். வஞ்சகனின் பேச்சு ஏன் இத்துணை இனிக்கிறது? அவன் சொல்வதில் பெரும்பகுதி உண்மை என்பதே அதற்குக் காரணம்.

கதை நாம் அறிந்ததே. பஞ்சதந்திரத்தின் தமனகன் என்ற நரியே பஹ்லவி மொழி வழியாக அரபுக்கு வந்து திம்னா ஆனான். கி.பி. 8ஆம் நூற்றாண்டில் அவனை அரபு பேச வைத்தவர் இப்னுல் முகஃப்பஃ. எருதின் முழக்கம் கேட்டு அஞ்சிய சிங்கத்திடம், அவ்வெருதை அமான் தந்து அழைத்து வந்தவன் திம்னாவே. பின்னர் எருது அரசனின் அந்தரங்கத் தோழனாகிவிடவே, இருவரையும் பகைக்க வைத்துச் சிங்கத்தின் கையாலேயே எருதைக் கொல்விக்கிறான்.

அவன் தத்துவம் யாது? வயிற்றை எங்கும் நிரப்பிக்கொள்ளலாம். அரசனை அண்டுவது நண்பரை மகிழ்விக்கவும் பகைவரை அடக்கவுமே. எலும்புத் துண்டில் நிறைவு காண்பது நாயின் இயல்பு. உயர்வது கடினம், தாழ்வது எளிது. கனத்த கல்லைத் தோளுக்கு ஏற்றுவது அரிது, கீழே போடுவது எளிது. இவற்றுள் எதனைப் பொய் என்போம்? முயற்சியுடைய எவனும் தன் மகனுக்குச் சொல்லக்கூடியவையே இவை.

ஆயின் எருது உயர்ந்தபோது திம்னா இழந்தது யாது? உணவன்று, உயிரன்று, அரசவையில் நுழையும் உரிமையுமன்று. பிறன் ஒருவன் தன்னினும் நெருங்கி அமர்ந்தான், அவ்வளவே. உயரவேண்டும் என்ற வேட்கை, பிறன் உயரலாகாது என்ற ஹஸதாக மாறிய இடம் அதுவே. சொற்கள் மாறவில்லை, நிய்யத்து மாறிற்று.

அவன் கையாளும் முறையும் நோக்கத்தக்கது. எருது நிறம் மாறி, உடல் நடுங்கி, இடமும் வலமும் பார்த்து வருவான் எனச் சிங்கத்திடம் கூறுகிறான். சிங்கம் மார்பு நிமிர்த்தி உன்னையே உற்று நோக்கும் என எருதிடம் கூறுகிறான். அஞ்சியவர் இருவரும் அவ்வாறே நடந்துகொள்கின்றனர். திம்னா சொன்ன பொய்யை மெய்யாக்கியவர்கள் அவர்களே. கோள் சொல்பவனின் ஆற்றல் அவன் நாவில் மட்டுமில்லை. கேட்டவன் நேரில் சென்று விசாரியாத சோம்பலிலும் உண்டு.

வடமொழிக் கதையில் தமனகன் தண்டனையின்றி அமைச்சனாகவே நீடிக்கிறான். திம்னாவை விசாரணைக்கு நிறுத்தும் அத்தியாயத்தை இப்னுல் முகஃப்பஃவே சேர்த்தார் என்பர் ஆய்வாளர். அதில் ஒரு பன்றி, திம்னாவின் முக அமைப்பே அவன் தீயவன் எனக் காட்டுகிறது என்கிறது. உறுப்பமைப்பே செயலை விதிக்குமாயின் எவரையும் புகழவோ இகழவோ இயலாதே என்று மறுக்கிறான் திம்னா. இங்கும் அவன் பக்கமே நியாயம்! நூலாசிரியர் வஞ்சகனை வாதத்தில் தோற்கடிக்கவில்லை.

பின் எதனால் வீழ்ந்தான்? சாட்சியத்தால். நரிகள் இரண்டும் பேசியதைக் கேட்டிருந்த சிறுத்தை ஒரு சாட்சி. சிறையில் அவர்கள் பேச்சைக் கேட்ட மற்றொரு விலங்கு மறு சாட்சி. ஒருவர் சாட்சியத்தால் தீர்ப்பு நிலைபெறாது என்பதனால் இருவரும் அதுவரை வாய்திறவாதிருந்தனராம். இரண்டாமவர் பேசத் துணிந்ததும் திம்னாவின் நாவன்மை பயனற்றுப் போயிற்று.

இவ்விடத்தே கலீலாவை எண்ண வேண்டும். அவன் எல்லாம் அறிந்தவன், தனிமையில் கண்டித்தவன், அவைக்கு வந்து சொல்லாதவன். துயரத்தாலும் அச்சத்தாலும் நோயுற்று அவன் இறந்தான். இந்நூலை ஆக்கியவரோ கலீஃபா மன்சூரின் காலத்தில் பஸராவில் கொல்லப்பட்டார். அதிகாரத்தின் வாசல் எத்தகையதென அவர் அறியாதவரல்லர். அறிந்தும் அவர் எழுதினார். இப்போதெல்லாம் வகுப்பில் நான் திம்னாவின் குற்றத்தைக் கேட்பதில்லை. கலீலாவின் குற்றம் யாது என்றே கேட்கிறேன். அப்பொழுது எவரும் கொட்டாவி விடுவதில்லை.