பனிக்காலத்தில் கேட்ஸ்கில்

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகளில் மிக உயரமான ஸ்லைடு மவுண்டனே சுமார் 4,180 அடிதான். பீற்றிக்கொள்ளும் உயரமல்ல. உச்சி வரை காடு. கோடையில் ஏறினால் பல சிகரங்களில் மரத்தைத் தவிர எதுவும் கண்ணில் படாது.

குளிர்காலத்தில் கதையே வேறு. கீழ்ச்சரிவில் பீச், மேப்பிள் மரங்கள் மொட்டையாக நிற்பதால் ஏறும் வழியிலேயே எதிர்மலை தெரிகிறது. உச்சியை நெருங்கும்போது பால்சம் ஃபர் மரங்கள் தொடங்கும். அவற்றின் ஊசியிலையைக் கசக்கினால் பிசின் வாசனை கையிலேயே தங்கிவிடும். கிளையில் தோள் பட்டால் போதும், அதிலிருக்கும் பனி மொத்தமும் பின்கழுத்துக்குள்! கூட வந்தவர்களுக்குச் சிரிப்புத் தாங்காது.

புதுப்பனியில் முதலில் நடப்பவருக்குத்தான் இடுப்பு ஒடியும். பூட்ஸின் அடியில் மாட்டும் அகன்ற ஸ்னோஷூவால் தடம் மிதித்துக் கொடுத்து, மூச்சு வாங்கியதும் ஒதுங்கிக் கடைசிக்குப் போய்விடுவார். அடுத்தவர் முன்னே வருவார். நண்பர்கள் வேண்டியிருப்பது இதற்குத்தான், அரட்டை அப்புறம். வெறும் பூட்ஸோடு நடந்தால் முழங்கால் வரை புதையும். அந்தக் குழி இரவில் இறுகி, மறுநாள் வருபவரின் கணுக்காலைப் பதம் பார்க்கும்.

1962இல் தொடங்கிய கேட்ஸ்கில் 3500 கிளப்பில் உறுப்பினராக, 3,500 அடி தாண்டிய சிகரங்களில் ஒருமுறை ஏறினால் மட்டும் போதாது. ஸ்லைடு, பிளாக்ஹெட், பால்சம், பாந்தர் நான்கிலும் டிசம்பர் 21க்கும் மார்ச் 21க்கும் இடையே மறுபடி ஏறவேண்டும். நியாயமான விதி.